தூது ஆர்என்ஏ ஏராளம், வெஸ்டர்ன் பிளாட்டில் புரதம் இல்லை: உதவி தேவை

ஜெல்வரி: வணக்கம். ஒரு மரபணுவை மிகைவெளிப்படுத்த (அதன் புரதத்தைச் செல்லில் இயல்பைவிட அதிகமாக உண்டாக்க) முயன்று வருகிறேன். ஆர்என்ஏவை அளக்கும் கியூபிசிஆரில், மரபணுவின் செய்தியைப் புரதமாக்கக் கொண்டுசெல்லும் தூது ஆர்என்ஏ பல நூறு மடங்கு கூடியிருக்கிறது; ஆனால் ஜெல்லில் பிரித்த புரதத்தை ஆன்டிபாடியால் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில் அதற்குரிய பட்டை வரவே இல்லை. ஒப்பீட்டுக்கான ஆக்டின் புரதத்தின் பட்டை தெளிவாக இருக்கிறது. ஆன்டிபாடியை மாற்றியும் பலனில்லை. ஆய்வுக்குழுக் கூட்டம் நெருங்குவதால் அவசரமாகக் கேட்கிறேன். எங்கே தவறுகிறது?

செல்வளர்ப்பு: எந்தப் புரதம், எந்தச் செல், (வெளி மரபணுவைச் செல்லுக்குள் செலுத்தும்) தற்காலிக டிரான்ஸ்பெக்‌ஷனா நிலையான செல்வரிசையா, டேக் (அடையாளத் துணுக்கு) எந்த முனையில் இருக்கிறது என்பவற்றைத் தெரிவித்தால்தான் யாரும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும்.

புரொமோட்டர்பிரியன்: எனக்குத் தெரிந்தவரை இது மரபணுவை இயக்கும் சிஎம்வி புரொமோட்டர் மெத்திலேற்றத்தால் (டிஎன்ஏவில் வேதிக்குறி ஏறுவதால்) அடங்கிப்போன கதைதான். மரபணுவை மிகையாகத் திணித்தால் செல் அதை அடக்கிவிடும். 1990இல் பெட்டூனியாச் செடியில் நிறத்தைக் கூட்டுவதற்காகச் சால்கோன் சிந்தேஸ் மரபணுவைக் கூடுதலாகச் செலுத்தியபோது, பல செடிகளில் பூக்கள் வெளுத்தே மலர்ந்தன. செடியின் சொந்த மரபணுவும் சேர்ந்தே அடங்கியது. புரொமோட்டரை இஎஃப்1ஆல்ஃபாவுக்கு மாற்றுங்கள்.

மூன்றாம்மாடி: கேள்வியை முழுமையாகப் படித்துவிட்டுப் பதில் எழுதும் பழக்கம் இங்கே அருகிவருகிறது. புரொமோட்டர் அடங்கினாலும் பெட்டூனியாவில் நடந்தது போல நடந்தாலும் தூது ஆர்என்ஏ குறைய வேண்டும். இவருக்கோ அது கூடியிருக்கிறது. முதலாமாண்டு மாணவரும் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கூடுதல் உண்மையா என்பதுதான். தற்காலிக டிரான்ஸ்பெக்‌ஷன் என்றால் செல்லுக்குள்ளும் வெளியிலும் மரபணுவைச் சுமந்துவந்த பிளாஸ்மிட் டிஎன்ஏ மிதமிஞ்சிக் கிடக்கும். ஆர்என்ஏவைப் பிரிக்கும்போது அதுவும் கூடவே வரும். எக்ஸான்கள் (மரபணுவின் பயன்படும் துண்டுகள்) சேரும் சந்திப்பில் பிரைமர் அமைத்திருக்கிறேன் என்று சொல்லித் தப்ப முடியாது, ஏனெனில் பிளாஸ்மிட்டில் இருப்பது இன்ட்ரான் (இடைத்துண்டு) நீங்கிய சிடிஎன்ஏ, அதிலும் அதே சந்திப்பு இருக்கும். ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத கட்டுப்பாட்டைச் செய்தீர்களா?

ஜெல்வரி: புரதம் குளுட்1 (குளுக்கோஸைச் செல்லுக்குள் கடத்துவது), சி-முனையில் ஃபிளாக் டேக். செல் ஹெக்293, தற்காலிக டிரான்ஸ்பெக்‌ஷன், 48 மணி நேரத்தில் அறுவடை. செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபர் ரிப்பா. அந்தக் கட்டுப்பாட்டைச் செய்யவில்லை.

சிதைவுநோக்கி: புரதம் உருவாகி உடனே சிதைக்கப்படுகிறது என்றே நினைக்கிறேன். அறுவடைக்கு முன் புரதத்தைச் சிதைக்கும் புரோட்டியசோமைத் தடுக்கும் எம்ஜி132 கொடுத்துப் பாருங்கள். ஆனால் இது செல் மேற்பரப்புப் புரதம் என்பதால் புரோட்டியசோமை மட்டும் தடுத்தால் போதாது. லைசோசோம் என்னும் இன்னொரு சிதைவு வழியையும் குளோரோகுயினால் தடுத்து ஒப்பிட வேண்டும்.

செல்வளர்ப்பு: மருந்துகளுக்குப் போகுமுன் ஒரு கேள்வி. குளுட்1 சவ்வை 12 முறை ஊடுருவும் புரதம். மாதிரியை 95 பாகையில் கொதிக்கவைத்தீர்களா? பிளாட்டின் மேல்விளிம்பில், மாதிரி ஊற்றும் கிணறுகளுக்கு நேரே, ஏதாவது கருமை தெரிகிறதா?

நோயியல்மாணவி: சற்று விலகிக் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சிஎம்வி கொண்டு இப்படி வெள்ளமாகப் புரதத்தை உண்டாக்கி, அதில் காண்பதை நோயின் இயல்பு என்று எழுதுவது சரியா? இடம் மாறிப்போவதும் திரளாக ஒட்டிக்கொள்வதும் பெரும்பாலும் அளவு மிகுந்ததன் விளைவாகவே இருக்கும் அல்லவா?

புரொமோட்டர்பிரியன்: மிகைவெளிப்பாடே பல நோய்களின் காரணமாக இருக்கும்போது அதைக் குறை சொல்வது எப்படி? மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காட்டில் ஹெர்2 என்னும் புரதம் மிகையாக இருக்கிறது. அந்த அறிவிலிருந்துதான் டிராஸ்டுசுமாப் மருந்து பிறந்து 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

நோயியல்மாணவி: அங்கே பெருகியது புற்றுச்செல்லின் சொந்த மரபணு, அந்த மிகை நோயாளியின் திசுவிலேயே அளக்கப்பட்டது. ஆல்ஃபா சைனூக்ளின் என்னும் மூளைப் புரதத்தையும் பாருங்கள். ஒரு குரோமோசோமில் அந்த மரபணு மூன்று படிகளாகி, மொத்தம் இரண்டுக்குப் பதில் நான்கு படிகள் இருப்பவர்களுக்குப் பார்க்கின்சன் நோய் வருகிறது என்று 2003இல் தெரியவந்தது. இரண்டு மடங்கு அளவே ஒரு மூளையைச் சிதைக்கப் போதுமானால், நூறு மடங்கில் நாம் காண்பதை அந்த நோயின் மாதிரி என்று எந்தத் துணிவில் சொல்வது? டாக்சிசைக்ளின் மருந்தால் கூட்டிக் குறைக்கக்கூடிய புரொமோட்டரை வைத்து, இயல்பான அளவிலிருந்து படிப்படியாக உயர்த்திப் பார்ப்பதே நோயாளிக்கு நாம் செய்யும் நேர்மை என்று உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாம்மாடி: இருவரும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு புரதத்தால் ஒரு செயல் இயலுமா என்று அறிய மிகைவெளிப்பாடு போதும். 2006இல் நான்கு காரணிகளை மிகையாக்கி எலியின் நார்ச்செல்லைக் குருத்துச்செல் போன்றதாக மாற்றியது அப்படித்தான். உடலில் அச்செயல் உண்மையில் நடக்கிறதா என்பதற்கு நாக்அவுட் (மரபணுவை நீக்கிப் பார்ப்பது) வேண்டும். இதற்குத் தனி இழை தொடங்குங்கள். உதவி கேட்டவர் காத்திருக்கிறார்.

ஜெல்வரி: ஆம், 95 பாகை, 5 நிமிடம். மேல்விளிம்பில் கிணறுதோறும் கருங்கோடு உண்டு. அந்தப் பகுதியைப் படத்தில் வெட்டிவிட்டிருந்தேன்.

செல்வளர்ப்பு: நீங்கள் தேடும் புரதம் பெரும்பாலும் அந்தக் கருங்கோட்டில்தான் இருக்கிறது. சவ்வை ஊடுருவும் பகுதிகள் நீரை வெறுப்பவை. கொதிக்கும்போது விரிந்து ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு, ஜெல்லுக்குள் நுழைய முடியாத பெருந்திரளாகி, கிணற்றின் வாயிலேயே நின்றுவிடுகின்றன. ஆக்டின் கரையும் புரதம் என்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. ஆகவே அதன் பட்டை நன்றாக இருப்பதை வைத்து இந்தப் புரதத்தைப் பற்றி எதுவும் முடிவுகட்ட முடியாது. அதே மாதிரியின் புதிய பங்கைக் கொதிக்கவைக்காமல், 37 பாகையில் 30 நிமிடம் வைத்து, கொதித்ததற்குப் பக்கத்திலேயே ஓட்டுங்கள். கணக்குப்படி 54 கிலோடால்டன் என்றாலும் சர்க்கரை ஏற்றத்தால் பட்டை பரவலாக வரும். சவ்வுப் புரதங்கள் கணக்கைவிட வேகமாக ஓடுவதும் உண்டு. கூரிய ஒற்றைக் கோட்டை எதிர்பார்க்க வேண்டாம்.

சிதைவுநோக்கி: அப்படியானாலும் எம்ஜி132 சோதனையைக் கைவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

ஜெல்வரி: 37 பாகையில் வைத்த மாதிரியில் 50 கிலோடால்டனுக்குச் சற்றுக் கீழே அகலமான பட்டை வந்தது, பக்கத்திலேயே கொதித்த மாதிரியில் கருங்கோடு மட்டும். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் இல்லாத கட்டுப்பாடு கியூபிசிஆரில் 3 சுற்று மட்டுமே பிந்துகிறது. அனைவருக்கும் நன்றி.

மூன்றாம்மாடி: ஒவ்வொரு சுற்றிலும் அளவு இரட்டிப்பதால், 3 சுற்று என்றால் உங்கள் சமிக்ஞையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு பிளாஸ்மிட்டிலிருந்து வருகிறது. டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் கொடுத்து மறுபடி அளந்த பிறகே மடங்குக் கணக்கைக் கூட்டத்தில் காட்டுங்கள். வெற்றுப் பிளாஸ்மிட் செலுத்திய செல்களையும் 37 பாகையில் வைத்து ஓட்டினீர்களா? அந்த வரிசையில் பட்டை இல்லை என்று உறுதியாகத் தெரியுமா?