ஒரே ஒரு ஆட்டம் ஆடியவருக்குத் தனிக் கட்டுரை வேண்டுமா?

பழையதாள்:
ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையை நீக்கலாமா என்று பேச்சு ஓடுகிறது. ஆள் 1920களில் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்குக் கால்பந்து ஆடியவர் (நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு முட்டி மோதுவார்களே, அது). அப்புறம் அந்த ஆட்டத்துக்கான தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஒரே ஒரு ஆட்டம். கட்டுரை மொத்தமே மூன்று வரிதான். வைத்திருக்கச் சொல்லி எழுதப்போகிறேன், யாராவது துணைக்கு வாருங்கள். மூன்று வரியால் என்ன இடம் அடைத்துவிடப் போகிறது?

சிவப்புமை:
அங்கே நீக்கச் சொல்லி எழுதியவர்களில் நானும் ஒருவன். இடம் அடைக்காது என்பதெல்லாம் வாதமே இல்லை. தொழில்முறையில் ஒரு ஆட்டம் ஆடினாலே போதும் என்ற சலுகை 2022இல் போய்விட்டது. அது இருந்த காலத்தில் புள்ளிவிவரத் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உயரம், எடை, பிறந்த தேதி என்று வரிசையாகத் தட்டித் தள்ளினார்கள், அதில் ஒன்றுதான் இது. இப்போது கேள்வி இவ்வளவுதான்: அவருக்குச் சம்பந்தமில்லாத, நம்பத்தகுந்த யாராவது உட்கார்ந்து அவரைப் பற்றி நாலு பத்தி எழுதியிருக்கிறார்களா?

பழையதாள்:
ராத்திரி ஒரு மணி வரைக்கும் பழைய செய்தித்தாள்களைத் துழாவினேன். ஆட்டத்துக்கு இறங்கியவர்கள் பட்டியலில் பெயர் இருக்கிறது, அதுவும் ஒரு எழுத்து பிசகி. இன்னொரு செய்தியில் இடது டாக்கிள் (எதிரணிக்காரரை மறித்துத் தள்ளுகிற இடம், அங்கேதான் இவர் ஆடினார்) நன்றாகத் தடுத்தார் என்று அரை வரி. கல்லூரி ஆண்டு மலரில் படத்தோடு அரைப் பக்கம்.

சிவப்புமை:
ஆண்டு மலரைப் போட்டதே அந்தக் கல்லூரி. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. பட்டியலில் பெயர் வந்ததை வைத்துக் கட்டுரை எழுதினால் கல்யாண மொய் நோட்டில் இருக்கும் எல்லாருக்கும் எழுத வேண்டியதுதான்.

பழையதாள்:
மொய் நோட்டு உவமை நன்றாக இருக்கிறது, ஆனால் அவர் நின்ற இடத்தையும் பாருங்கள். பந்தோடு ஓடியவன் பெயர்தான் தலைப்பில் வரும். அவனுக்கு வழி உண்டாக்கக் குறுக்கே வந்தவனைத் தள்ளிக்கொண்டு நின்ற டாக்கிளைப் பற்றி அன்றைக்கு எந்த நிருபர் எழுதினார்?

கடைசிபெஞ்சு:
ஜாக் டிரைஸை மறந்துவிட்டீர்கள். அவரும் டாக்கிள்தான். அயோவா ஸ்டேட் கல்லூரியின் முதல் கறுப்பின விளையாட்டு வீரர். 1923 அக்டோபர் 6, மினசோட்டாவுடன் ஆட்டம், தொடக்கத்திலேயே காறை எலும்பு முறிந்தும் வெளியே வராமல் ஆடினார். பிற்பாதியில் மிதிபட்டு, இரண்டு நாளில் செத்தே போனார். ஆட்டத்துக்கு முந்தின இரவு ஓட்டல் தாளில், தன் இனத்தின் மானமும் குடும்பத்தின் மானமும் தன் மானமும் இதில் இருக்கிறது என்று எழுதி வைத்திருந்தார், கடிதம் கோட்டுப் பையில் கிடைத்தது. அப்புறம் பல வருடம் ஊரே அவரை மறந்துவிட்டது. இன்றைக்கு அந்தக் கல்லூரியின் கால்பந்து அரங்கமே அவர் பெயரில்தான் இருக்கிறது, 1997இலிருந்து.

சிவப்புமை:
நீங்கள் சொன்னது என் கட்சிக்குத்தான் பலம் சேர்க்கிறது. டிரைஸைப் பற்றி அன்றைக்கும் எழுதினார்கள், பின்னால் மாணவர்கள் தோண்டி எடுத்துப் போராடியதைப் பற்றியும் எழுதினார்கள். தோண்டுகிற வேலை நடந்து முடிந்த பிறகு வருவது கலைக்களஞ்சியம்.

கடைசிபெஞ்சு:
அப்படிச் சொல்லித்தானே 2018 மே மாதம் டோனா ஸ்ட்ரிக்லண்ட் பற்றிய வரைவைத் திருப்பி அனுப்பினார்கள்? அக்டோபரில் அவருக்கு இயற்பியல் நோபல்!

சிவப்புமை:
அது குட்டுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே ஆதாரம் வெளியே கிடந்தது, வரைவில் சேர்க்கவில்லை. இங்கே வெளியேயும் காணோம்.

திண்ணை:
ஏன் இவ்வளவு சண்டை? அந்த அணியின் வீரர்கள் பட்டியலுக்கு வழிமாற்று போட்டுவிடுங்கள், அவர் பெயரைத் தேடினால் அந்தப் பட்டியலுக்குக் கொண்டுபோய் விடும். பழைய வரலாறு அப்படியே உள்ளே இருக்கும், நாளைக்கு ஏதாவது கிடைத்தால் மீட்டுக்கொள்ளலாம். அங்கே தலையை எண்ணுவதும் கிடையாது, யார் சொன்ன காரணம் நிற்கிறது என்றுதான் பார்ப்பார்கள். ஏழு நாள் கெடுவில் இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

பழையதாள்:
வழிமாற்று என்றால் எனக்கும் சரி என்று தட்டிக்கொண்டே இருந்தேன், அதற்குள் ஒன்று அகப்பட்டது. பெயரில் பிசகிய எழுத்தை அப்படியே போட்டுத் தேடினால் ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகை வருகிறது. அவர் இறந்தபோது முக்கால் பத்தி நீளத்துக்கு, பள்ளிக்கூடத்தில் பயிற்சியாளராக இருந்த காலம் உட்பட எழுதியிருக்கிறார்கள்.

சிவப்புமை:
குடும்பத்தார் காசு கட்டிப் போட்ட இரங்கல் விளம்பரமா, நிருபர் எழுதியதா?

பழையதாள்:
நிருபர் பெயர் மேலேயே இருக்கிறது. விளையாட்டுப் பக்கம்.

சிவப்புமை:
அப்படியானால் ஒன்று ஆச்சு. பக்கத்தை வெட்டி அங்கே போடுங்கள், நானும் படிக்கிறேன். இதே மாதிரி இன்னொன்று, வேறு பத்திரிகையில் காட்டினால் என் வாக்கை நானே அடித்துவிடுகிறேன். அந்தப் பிசகிய எழுத்து எது?