புதுப்பிப்பு: ஒகேனக்கல் தண்ணீர் வந்துவிட்டது, மேட்டுத்தெருவுக்கு இன்னும் இல்லை

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் ஒகேனக்கல் குழாய் வறண்டு, சனங்கள் மறுபடி ஃபுளோரைடு என்கிற, அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கிற உப்பு அதிகமுள்ள போர் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். வால்வைச் சரிசெய்துவிட்டார்கள், தண்ணீர் வருகிறது. மேட்டுத்தெருவுக்கு மட்டும் ஏறவில்லை. மனு கொடுத்திருக்கிறோம்.

அதைப் படித்தவர்கள் சொன்ன நினைவுகள் மனசை அறுக்கின்றன. ஒரு அக்கா கல்யாண போட்டோவில்கூட வாய் திறந்து சிரிக்கவில்லையாம். பல்லெல்லாம் பழுப்புக் கறை. எங்கள் தாத்தாவுக்கு முதுகே நிமிராது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைத் திறந்ததே இந்த ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கத்தானே!

கொதிக்கவைத்தால் போதாதா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். போதாது தம்பி. ஃபுளோரைடு ஆவியாகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்திதான் கூடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஈறுக்குள் நிலைப்பல் உருவாகிற வயதில், அதாவது சுமார் 8 வயதுக்குள், குடிப்பதுதான் பல்லில் கறையாகத் தங்கிவிடுகிறது.

அதனால் மேட்டுத்தெருக்காரர்கள் பிள்ளைகளுக்காவது கீழ்த்தெருவில் வந்து பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக் குழாயிலும் பிடிக்கலாம், விடிகாலையில் வருகிறது.