ரசீது புத்தகத் தலைப்பில் ஸ்பெல்லிங் தப்பா? ‘ரிசீட்’ என்ற சொல்லில் அந்த ‘பி’ எதற்கு?

கேள்வி: சங்கப்பொருளாளர்

வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு 100 தாள் வீதம் 20 ரசீது புத்தகம் அடிக்கக் கொடுத்திருக்கிறோம். ப்ரூஃப் வந்துவிட்டது. தலைப்பில் பெரிய எழுத்தில் ஆர்-ஈ-சி-ஐ-ஈ-பி-டி என்று இருக்கிறது. ஏதோ இடிக்கிறது. மேட்டரை வேர்டில் அடித்துக் கொடுத்தது நாங்கள்தான். அதில் சிவப்புக் கோடு எதுவும் விழவில்லை.

1. எது சரி? வேர்ட் ஏன் காட்டவில்லை?
2. ‘ரிசீட்’ என்றுதான் சொல்கிறோம், பிறகு ‘பி’ எதற்கு?
3. ‘ரசீது’ அந்த ஆங்கிலச் சொல்லின் திரிபு, அதை எடுத்துவிடலாம் என்று கமிட்டியில் இருவர் சொல்கிறார்கள். உண்மையா?

நாளை மாலைக்குள் பிரஸ்ஸுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பதில்: அச்சுமை

தப்புதான் சார். சரியானது ஆர்-ஈ-சி-ஈ-ஐ-பி-டி. சி-க்கு அடுத்து ஈ, அதற்கப்புறம் ஐ. ஓகே சொல்லிவிடாதீர்கள். பிளேட் போட்ட பிறகு திருத்தம் என்றால் புது பிளேட் செலவு.

வேர்ட் காட்டாததற்குக் காரணம், சொல் முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால் ஸ்பெல்செக் அதைத் தொடாமல் தாண்டிவிடும். பல வெர்ஷனில் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் செட் ஆகியிருக்கும். ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங் என்று போய், ‘இக்னோர் வேர்ட்ஸ் இன் அப்பர்கேஸ்’ என்பதில் உள்ள டிக்கை எடுங்கள். அடுத்த நொடியே தலைப்புக்குக் கீழே கோடு விழும். தலைப்பு, லெட்டர்ஹெட், பேனர் எல்லாம் பெரிய எழுத்தில்தான் அடிக்கிறோம். பிழை நிற்பதும் அங்கேதான்.

அடுத்து, கண்ட்ரோல் எஃப் போட்டு சி-ஐ-ஈ என்ற மூன்று எழுத்தை மட்டும் தேடுங்கள். ‘ரிசீவ்ட் வித் தேங்க்ஸ் ஃப்ரம்’ என்ற வரியிலும் இதே பிழை இருந்தால் மாட்டிக்கொள்ளும். ஆனால் ‘ரிப்ளேஸ் ஆல்’ மட்டும் வேண்டவே வேண்டாம். சங்கப் பெயரில் ‘சொசைட்டி’ இருந்தால் அங்கேயும் நிற்கும். அதில் சி-ஐ-ஈ தான் சரி.

பிரஸ்காரர் கோரல்டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரில் எழுத்தை கர்வ் ஆக்கியிருந்தால், அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றியிருந்தால், டைப் செய்து திருத்த முடியாது. பழைய டெக்ஸ்ட் ஃபைல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் தலைப்பை செலக்ட் செய்து கண்ட்ரோல் கே அடித்துப் பிரித்து, ஐ-யையும் ஈ-யையும் இடம் மாற்றினால் போதும். இரண்டும் சேர்ந்த அகலம் அதேதான், அதனால் மற்ற எழுத்து எதையும் நகர்த்த வேண்டியிருக்காது. ஒன்று கவனம்: பிரித்ததும் ஆர், பி இரண்டின் உள் ஓட்டை அடைத்துக்கொண்டு கறுப்புக் கட்டியாகத் தெரியும். எழுத்தையும் அதன் ஓட்டையையும் சேர்த்து செலக்ட் செய்து கண்ட்ரோல் எல் அடித்தால் திறந்துவிடும். அவசரத்தில் இதை விட்டுவிட்டு அப்படியே அச்சுக்குப் போவதுண்டு.

பதில்: வேர்ச்சொல்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

லத்தீனில் ‘ரெசிபெரே’ என்றால் பெற்றுக்கொள்ளுதல். ‘ரெசெப்டா’ என்றால் பெறப்பட்டது. அங்கே ‘ப்’ நன்றாக ஒலிக்கும். சொல் பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வரும்போது அந்த ஒலி தேய்ந்து போய்விட்டது. 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் பி இல்லாமல் ‘ரெசெய்ட்’ என்பதுபோல எழுதினார்கள். சொன்னபடி எழுத்து, தொல்லையே இல்லை. பின்னால் லத்தீன் கற்றவர்கள், மூலச் சொல்லில் இருந்த எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று பி-யைத் திரும்பச் செருகினார்கள். வாய் பழைய வழக்கையே பிடித்துக்கொண்டது. ‘டெட்’ (கடன்), ‘டவுட்’ இரண்டிலும் ஒலிக்காமல் நிற்கும் பி-யும் இப்படி வந்து ஒட்டியதுதான். அது வேறு எழுத்து, அகரவரிசையில் இரண்டாவது பி.

ஒரே வார்ப்பில் வந்த ‘டிசீட்’, ‘கன்சீட்’ இரண்டுக்கும் அக்காலத்தில் சிலர் பி போட்டு எழுதினார்கள். அவற்றில் அது நிலைக்கவில்லை. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையில் ‘டிசீட்’, ‘ரிசீட்’ ஜோடியையே எடுத்துக்காட்டாகத் தருகிறார். பெரும்பான்மையோர் எழுதுகிறபடியே தானும் எழுதுவதாகச் சொல்கிறார். ஆகவே இங்கே விதி தேடிப் பயனில்லை, வழக்குதான்.

மறக்காமலிருக்க ஒரு வழி சொல்கிறேன். கல்யாண ரிசப்ஷனில் ‘ப்’ காதில் விழுகிறதல்லவா? அதே வேர், அதே பி. ரிசீட்டில் எழுத்து மட்டும் இருக்கிறது.

‘சி-க்குப் பின் ஈ-ஐ’ என்று பள்ளியில் சொல்லித்தரும் விதி ‘ஈ’ என்று நீளும் ஒலிக்கு மட்டும் பொருந்தும்: ரிசீவ், ரிசீட், சீலிங், டிசீவ். ‘சயின்ஸ்’, ‘சொசைட்டி’ இரண்டிலும் அந்த ஒலி இல்லை, அதனால் ஐ முன்னால் வருகிறது. ‘ஸ்பீஷீஸ்’ போன்ற சில சொற்கள் ஒலி இருந்தும் விதியை மீறும். அவற்றைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

பதில்: பாரசீகத்தடம்

மூன்றாவது: இல்லை. ‘ரசீது’ ஆங்கிலத்திலிருந்து வந்ததல்ல. பாரசீகத்தில் ‘ரசீதன்’ என்றால் வந்து சேர்தல், ‘ரசீத்’ என்றால் வந்து சேர்ந்தது. இந்துஸ்தானியில் புழங்கிய அந்தச் சொல்தான் தமிழுக்கும் வந்தது. ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பது ‘பெற்றேன்’, பாரசீகச் சொல்லின் அடியில் இருப்பது ‘வந்தது’. ஒலி ஒத்துப்போவது தற்செயல், பிறப்பு வேறு. இதைக் கமிட்டியில் அழுத்தமாகச் சொல்லுங்கள். வீட்டு வரியிலிருந்து கோயில் நன்கொடை வரை மக்கள் வாயில் புழங்கும் சொல்லைத் தப்பான காரணம் சொல்லி எடுக்கக் கூடாது. வடமொழியோ பாரசீகமோ வேண்டாம் என்பதுதான் அவர்கள் கொள்கை என்றால், ‘பற்றுச்சீட்டு’ இருக்கிறது. இலங்கைத் தமிழர் அன்றாடம் எழுதும் சொல்.

சங்கப்பொருளாளர்

மூவருக்கும் மிக்க நன்றி. டிக்கை எடுத்ததும் தலைப்பில் கோடு விழுந்தது. ‘ரிசீவ்ட்’ வரியிலும் அதே பிழை இருந்தது. இன்னும் ஒன்று: ஆண்டுக் கணக்கில் ‘ரிசீட்ஸ் அண்ட் பேமென்ட்ஸ்’ என்று ஆடிட்டர் எழுதுகிறார். அதைத் தமிழில் ‘ரசீதுகளும்…’ என்று போடலாமா?

பதில்: வேர்ச்சொல்

கூடாது. அங்கே அந்தச் சொல்லுக்குத் தாள் என்று பொருள் இல்லை, கைக்கு வந்த பணம் என்று பொருள். ‘வரவுகளும் செலுத்தல்களும்’ என்று போடுங்கள். ‘ஆன் ரிசீட் ஆஃப் யுவர் லெட்டர்’ என்றால் கடிதம் கிடைத்ததும், அவ்வளவுதான்.

இன்னொரு கண்ணி ‘ரெசிப்பி’. அதுவும் இதே வேர்தான். லத்தீனில் ‘எடுத்துக்கொள்’ என்ற ஏவல். மருத்துவர் சீட்டின் தலையில் கால் வெட்டிய ஆர் போல ஒரு குறி போடுகிறார்களே, அது அந்தச் சொல்லின் சுருக்கம். முன்பெல்லாம் ஆங்கிலத்தில் சமையல் குறிப்பையே ‘ரிசீட்’ என்றுதான் சொன்னார்கள். கை தவறி ‘ரெசிப்பி’ என்று அடித்துவிட்டால் அதுவும் சரியான சொல் என்பதால் சிவப்புக் கோடு விழாது. கண்ணால் ஒரு தடவை படித்துத்தான் ஆக வேண்டும்.

பதில்: அச்சுமை

ப்ரூஃப் திரும்பப் போவதற்குள் ஒன்று சேர்த்துவிடுங்கள் சார். 5,000 ரூபாய்க்கு மேல் போகும் ரசீதுக்கு 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டிவரும். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் விடச் சொல்லுங்கள்.