பழுப்பு முட்டைக்குத் தனிச் சுவை உண்டா?

அடுப்படி (கேள்வி):
எங்கள் தெருக் கடையில் வெள்ளை முட்டையும் பழுப்பு முட்டையும் அடுத்தடுத்த அட்டைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. பழுப்பு முட்டைக்கு விலை மிக அதிகம். பழுப்பு என்றால் நாட்டுக்கோழி முட்டை, அதில் கவிச்சி வாடை இருக்காது, ருசியும் கூடுதல் என்று என் மாமியார் உறுதியாகச் சொல்கிறார். நிறத்தில் ஒன்றுமில்லை, முட்டை புதிதாக இருந்தால் போதும் என்பது என் கணவரின் கட்சி. ஓட்டின் நிறத்துக்கும் சுவைக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? அன்று இட்ட முட்டைக்கும் இரண்டு வாரம் ஆன முட்டைக்கும் நாக்கு வேறுபாடு காணுமா?

பண்ணையாள், நாமக்கல்:
ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் பெரும்பாலும் இருப்பது லெகார்ன் வழிவந்த வெள்ளைக் கோழி. அது வெள்ளை முட்டைதான் இடும். பழுப்பு இனங்களில், ஓடு உருவாகி முடியும் கடைசிச் சில மணி நேரத்தில் புரோட்டோபார்ஃபிரின் என்ற நிறமி மேற்பரப்பில் படிகிறது. உடைத்த பழுப்பு ஓட்டின் உட்பக்கத்தைப் பாருங்கள், வெளிறியே இருக்கும். உள்ளே இருக்கும் கருவுக்கும் அந்தச் சாயத்துக்கும் எந்த உறவும் இல்லை.

பழுப்பு ஓடு நாட்டுக்கோழிக்குச் சான்றும் ஆகாது. கூண்டில் அடைத்து, வெள்ளைக் கோழிக்குப் போடும் அதே தீவனத்தைப் போட்டு வளர்க்கும் கலப்பினக் கோழிகளும் பழுப்பு முட்டை இடுகின்றன. உண்மையான நாட்டுக்கோழி முட்டை அளவில் சிறியது; அதில் வெள்ளைக் கருவோடு ஒப்பிட மஞ்சள் கருவின் பங்கு கூடுதல். கொழுப்பு முழுவதும் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது என்பதால், அதைத் தின்பவருக்குச் சுவை அடர்த்தியாகத் தெரிவதில் வியப்பில்லை. உங்கள் மாமியார் சிறு வயதில் சாப்பிட்ட முட்டை அதுவாகத்தான் இருக்கும்.

மஞ்சள் கருவின் நிறமோ தீவனத்தின் கணக்கு. மஞ்சள் மக்காச்சோளமும் கீரையும் தின்ற கோழியின் கரு ஆழ்ந்த மஞ்சளாகவும், நொய்யரிசியை மட்டுமே தின்ற கோழியின் கரு வெளிறியும் இருக்கும். செண்டுமல்லி இதழ்ச் சாற்றைத் தீவனத்தில் கலந்தே கருவை ஆரஞ்சு நிறமாக்கிவிடலாம்; அதனால் சுவை கூடாது.

உணவியல் மாணவி:
இரண்டாம் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. நாள் செல்லச் செல்ல அவற்றின் வழியே ஈரமும் கரியமில வாயுவும் வெளியேறுகின்றன. ஈரம் குறைவதால் மழுங்கிய முனையில் உள்ள காற்றறை பெரிதாகிறது. பழைய முட்டை தண்ணீரில் மிதப்பது அதனால்தான். வாயு வெளியேறுவதால், இட்டவுடன் ஏறக்குறைய 7.6 ஆக இருக்கும் வெள்ளைக் கருவின் பிஎச் அளவு 9-ஐத் தாண்டிக் காரத்தன்மை அடைகிறது. கெட்டியான வெள்ளைக் கரு நீர்த்துப்போகிறது. மஞ்சள் கருவைச் சுற்றியுள்ள சவ்வும் தளர்கிறது. முட்டையின் தரத்தை அளக்க இன்றும் பயன்படும் ஹா அலகு, 1937இல் ரேமண்ட் ஹா வகுத்தது, கெட்டி வெள்ளைக் கருவின் உயரத்தையே முட்டையின் எடையோடு சேர்த்துக் கணக்கிடுகிறது.

ஆகவே புதுமை பெரும்பாலும் நாக்குக்கு அல்ல, பல்லுக்கும் கண்ணுக்கும்தான் தெரியும். ஆஃப்பாயிலுக்கும் கலக்கிக்கும் புது முட்டைதான் வேண்டும். பழையதை ஊற்றினால் கல் முழுவதும் ஓடிவிடும். அவிப்பதற்கோ ஒரு வாரம் ஆனதே நல்லது, ஏனென்றால் புது முட்டையின் வெள்ளைக் கரு உட்சவ்வோடு ஒட்டிக்கொண்டு ஓட்டோடு பிய்ந்து வரும். ஆனால் பழைய முட்டையை அதிக நேரம் அவித்தால் கந்தக வாடை கூடும். காரத்தன்மை ஏறிய வெள்ளைக் கருவிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு எளிதாக வெளிப்பட்டு, மஞ்சள் கருவின் இரும்போடு சேர்ந்து பச்சை வளையம் இடும். வெங்காயமும் மிளகும் போட்ட முட்டைப் பொடிமாஸில் இந்த வேறுபாடுகள் எதையும் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பது என் கருத்து.

தீவனக்காரர்:
மேலே சொன்னவை சரி, ஒரு விதிவிலக்கைத் தவிர. அது மாமியாரின் கட்சிக்கு நேர் எதிரானது. மீன்தூளோ கடுகு இனப் பிண்ணாக்கோ தின்னும்போது கோழியின் குடலில் டிரைமெத்திலமின் என்ற மீன்வாடைப் பொருள் உண்டாகிறது. பெரும்பாலான கோழிகள் அதைக் கல்லீரலில் மாற்றிவிடும். சில பழுப்பு முட்டை இனங்களில் எஃப்எம்ஓ3 என்ற மரபணுவில் உள்ள குறையால் அது மாறாமல் மஞ்சள் கருவில் சேர்ந்து, முட்டையே மீன்போல் நாறும். பழுப்பு நிறம் அதற்குக் காரணம் அன்று. அந்தக் குறை அந்த இனங்களின் மரபில் கலந்திருந்தது, அவ்வளவே. இனப்பெருக்க நிறுவனங்கள் இப்போது அதைத் தேர்ந்து நீக்கி வருகின்றன. கவிச்சி வந்தால் ஓட்டைப் பார்க்காமல் தீவனத்தை விசாரியுங்கள்.

அடுப்படி:
மிக்க நன்றி. வீட்டில் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டா?

பண்ணையாள், நாமக்கல்:
இரண்டு வகையையும் ஒரே நாளில் வாங்கி, ஒரே அளவு உப்புப் போட்டு, தனித்தனியே ஆம்லெட் ஊற்றுங்கள். கருவின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், மாமியாரைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடச் சொல்லுங்கள். அதுவரை முட்டையைக் கருவாட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்தத் துளைகளின் வழியே வாடை உள்ளேயும் போகும்.