பூர்வீக ஊர் தேடித் தருவதையே தொழிலாக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். கொள்ளுத்தாத்தாவின் தம்பி தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர், அவரைத் தேடப் போய் நாலு வருஷமாக இதே பைத்தியம் எனக்கு. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்ததிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து அங்கே போயிருக்கிறார்கள். கப்பல் பட்டியலில் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் உண்டு. ஆனால் ஊர்ப் பெயரைக் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் கிறுக்கியிருப்பார்கள். அது வட ஆற்காட்டில் எந்தக் கிராமம் என்று பிடிப்பதில்தான் எனக்கு ருசியே.

இதுவரை டர்பனில் இருக்கும் மூன்று குடும்பங்களுக்கு ஊரைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை, கேட்கக் கூச்சம். இப்போது கணக்கு எழுதும் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று யோசனை; வீட்டில் தினமும் திட்டு.

கட்டணம் எப்படி வைப்பது, மணிக்கணக்கிலா, ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்றா? தேடி ஒன்றுமே கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? அப்புறம், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய செட்டில்மென்ட் (நில அளவை, வரி) பதிவேடுகளைப் பார்த்தவர்கள் இருந்தால், தனி ஆளாகப் போய் அனுமதி வாங்க என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று சொல்லுங்கள்.