நவம்பரில் எஸ்ஸவீரா: வீசிங் உள்ள அம்மாவை அழைத்துப் போகலாமா?

முற்றத்துமழை (கேட்டவர்)

வணக்கம். நவம்பர் மூன்றாம் வாரம் அம்மாவும் நானும் மொராக்கோ போகிறோம். பாரிஸிலிருந்து மராகேஷ், அங்கே மூன்று இரவு, அப்புறம் எஸ்ஸவீராவில் நான்கு இரவு. இருவருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட் என்பதால் விசா கவலை இல்லை.

அம்மாவுக்கு 67 வயது. குளிர் பட்டால் வீசிங் வரும், முழங்கால் வலியும் உண்டு. சுத்த சைவம். புதுச்சேரிக் கடற்கரைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். "மலையும் பாலைவனமும் வேண்டாம், கடல் இருக்கிற ஊராகப் பார்" என்று அவரே சொன்னதால்தான் எஸ்ஸவீரா.

இப்போது எங்கே படித்தாலும் அதைக் "காற்று நகரம்" என்று எழுதியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது. அறையை மெதீனாவுக்குள், அதாவது கோட்டைச் சுவருக்குள் இருக்கும் பழைய நகரத்தில், ஒரு பழைய ரியாட்டில் எடுத்திருக்கிறேன். ரியாட் என்பது நடுவில் முற்றம் வைத்த வீடு. படி ஏற வேண்டாம் என்பதற்காகத் தரைத்தளம் கேட்டு வாங்கினேன். ஐந்து நாளுக்கு முன்பு வரை பணம் பிடிக்காமல் ரத்து செய்யலாம்.

காற்று உண்மையிலேயே அவ்வளவு மோசமா? பேசாமல் மராகேஷிலிருந்து காலையில் போய் இரவு திரும்பிவிடலாமா? அம்மாவுக்கு அங்கே என்ன சாப்பிடக் கிடைக்கும்?

கரையோரம்

காசாபிளாங்காவில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். எஸ்ஸவீராவுக்குக் கோடையிலும் போயிருக்கிறேன், நவம்பரிலும் போயிருக்கிறேன். இரண்டும் வேறு வேறு ஊர் மாதிரி.

பெயர் வாங்கிய அந்தக் காற்றை 'அலிஸே' என்பார்கள். கோடையில் உள்நாட்டில் நிலம் கொதிக்கும், அசோர்ஸ் தீவுகள் பக்கம் கடல் மேல் உயர் அழுத்தம் நிற்கும். இரண்டுக்கும் நடுவே கரையை ஒட்டி வடக்கிலிருந்து காற்று இழுக்கும். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரைதான் அதன் ஆட்டம். மணல் முகத்தில் அறையும், கடற்கரையில் உட்கார முடியாது. நவம்பரில் அது தளர்ந்துவிடும். சில நாள் மரத்தில் இலைகூட அசையாது.

அதற்குப் பதில் வருவது மழை. அட்லாண்டிக்கிலிருந்து தாழ்வு நிலை வந்தால் ஒன்றிரண்டு நாள் பெய்யும், அப்புறம் பளிச்சென்று வெயில். பகலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் 13 வாக்கில் இறங்கும்.

ஒரே நாளில் போய்த் திரும்புவது வேண்டாம். மராகேஷிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர், பஸ்ஸில் மூன்று மணி நேரம். போக வர ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் அம்மாவின் முழங்கால் என்ன ஆகும்? அந்த ஊர் காலையிலும் மாலையிலும்தான் அழகு. பகல் பயணக் கூட்டம் அந்த இரண்டையும் பார்ப்பதே இல்லை.

ஈரச்சுவர்

காற்றைப் பற்றி மேலே சொன்னது சரி. என் கவலை அந்தத் தரைத்தள அறை.

போன வருடம் நவம்பர் கடைசியில் நானும் கணவரும் மெதீனாவில் அப்படி ஓர் அறையில்தான் தங்கினோம். படத்தில் அவ்வளவு அழகு. உள்ளே போனதும் ஈர வாடை. கட்டில் பக்கச் சுவரில் கை வைத்தால் பிசுபிசுத்தது. ஜன்னல் முற்றத்தைப் பார்த்து மட்டும் இருந்ததால் வெயில் ஒரு நிமிடம்கூட உள்ளே வரவில்லை. துவைத்த துணி மூன்று நாளாகியும் காயவில்லை, போர்வையே நனைந்த மாதிரி இருந்தது. வெளியே 20 டிகிரி வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு நடப்போம், அறைக்குள் வந்ததும் திரும்பப் போட்டுக்கொள்வோம். இரண்டாவது இரவே எனக்கு இருமல் பிடித்தது. எனக்கு வீசிங் கிடையாது.

தடித்த கல் சுவர், ஓட்டுத் தரை, பக்கத்திலேயே கடல். கோடைக்குக் குளிர்ச்சியாக இருக்கத்தான் அந்த வீடுகளை அப்படிக் கட்டினார்கள். நிறைய இடங்களில் சூடேற்றும் வசதியே இல்லை. வீட்டுக்காரருக்கு எழுதி இதையெல்லாம் கேளுங்கள்: அறையில் வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் உண்டா? வெயில் எந்த நேரம் விழும்? சூடேற்ற என்ன வைத்திருக்கிறார்கள்? முதல் மாடியில் அறை இருந்தால், எத்தனை படி, கைப்பிடி உண்டா?

முற்றத்துமழை

மிக்க நன்றி அக்கா, நேற்றே எழுதிக் கேட்டேன். தரைத்தள அறைக்கு முற்றத்து ஜன்னல் மட்டும்தானாம். "குளிராக இருந்தால் கேஸ் ஹீட்டர் கொண்டுவந்து வைக்கிறோம்" என்கிறார்கள். முதல் மாடியில் வெளிப்பக்க ஜன்னலோடு ஓர் அறை காலி, 19 படி, திருப்பத்தில் குறுகல். கேஸ் ஹீட்டர் போதும் என்றால் தரைத்தளத்திலேயே இருந்துவிடலாமா?

கரையோரம்

தயவுசெய்து வேண்டாம், தம்பி. அது சிலிண்டரோடு உருட்டி வைக்கும் பியூட்டேன் அடுப்பு. மூடிய அறையில் எரிந்தால் இரண்டு கேடு. எரியும் வாயு ஈரத்தையும் வெளியே விடும், அறை இன்னும் புழுங்கும். அதைவிடப் பெரியது கார்பன் மோனாக்சைடு. வாடையும் நிறமும் இல்லாத விஷ வாயு, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வீசிங் உள்ளவரை அதன் பக்கத்தில் படுக்க வைக்காதீர்கள். குளியலறைக்குள்ளேயே கேஸ் கெய்சர் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் குளிக்கும்போது காற்று வர வழி திறந்திருக்க வேண்டும்.

குளிரவும் சூடேற்றவும் செய்கிற ஏசியோ எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டரோதான் சரி. 19 படி கஷ்டம் என்றால் மெதீனாவை விட்டு வெளியே, கடற்கரைச் சாலையில் லிஃப்ட் உள்ள ஹோட்டலைப் பாருங்கள். ரியாட்டின் அழகு இருக்காது, ஆனால் அங்கிருந்து கோட்டை வாசல் வரை சமதரை. நானாக இருந்தால் அம்மாவுக்கு அதைத்தான் எடுப்பேன்.

புதினாத் தேநீர்

சாப்பாட்டுக் கேள்வி அப்படியே நிற்கிறதே, நான் சொல்கிறேன். நானும் சைவம்தான்.

காலையில் 'பிஸ்ஸாரா' கேளுங்கள். உலர்ந்த ஃபாவா பருப்பைக் குழைய வேகவைத்து, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றி, சீரகத்தூள் தூவித் தருவார்கள். குளிர்கால உணவு, தொண்டைக்கு இதம். 'ம்ஸெமென்' நம் வீச்சுப் பரோட்டாவின் உறவு, 'பக்ரீர்' ஓட்டை ஓட்டையான ஆப்பம் மாதிரி. தொட்டுக்கொள்ள 'அம்லூ': பாதாம், ஆர்கன் எண்ணெய், தேன் சேர்த்து அரைத்தது. கத்தரிக்காய் 'ஸஅலூக்' எங்கும் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியது ஹரீரா சூப். பெரும்பாலும் இறைச்சி போட்டுத்தான் கொதிக்க வைப்பார்கள். வெள்ளிக்கிழமை "ஏழு காய்கறி குஸ்குஸ்" என்பதிலும் காய் வேகிறது இறைச்சிச் சாற்றில். பிரெஞ்சில் "சான் வியாந்த்" (இறைச்சி இல்லாமல்) என்றால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டு மீதியைத் தருவார்கள், அவர்கள் கணக்கில் அது சைவம். "சாறும் வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். அம்மாவுக்கே பிரெஞ்சு வரும் என்றால் அவரே சொல்லட்டும், பெரியவர்கள் கேட்டால் அங்கே தனி மரியாதை.

பெட்டியை நீங்கள் தூக்க வேண்டாம். மெதீனாவுக்குள் கார் போகாது, வாசலில் 'கரோஸா' என்ற கைவண்டிக்காரர்கள் இருப்பார்கள். கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். சில்லறைத் திர்ஹாம் கையில் இருக்கட்டும்.

மராகேஷ் சாலையில் ஆர்கன் மரத்தின் மேல் ஆடுகள் நிற்பதைக் காட்டுவார்கள். ஆடு அந்த மரம் ஏறிப் பழம் தின்பது உண்மை. ஆனால் சாலையோரம் நாள் முழுக்க நிற்பவற்றைப் படம் எடுக்கிறவர்களின் காசுக்காக ஏற்றி வைத்திருப்பார்கள். இறங்கிப் பணம் கொடுக்காதீர்கள்.

ஈரச்சுவர்

இன்னொன்று. மொராக்கோ கடிகாரம் அநேகமாக வருடம் முழுக்க ஜி.எம்.டி. கூட்டல் ஒன்று, ஊர் இருப்பதோ மேற்குக் கோடியில். நவம்பரில் எட்டு மணிக்கு மேல்தான் சூரியன் எழும், மாலை ஆறரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும். அம்மாவைக் காலை பத்துக்கு மேல் வெளியே கூட்டிப் போங்கள், அதற்குள் பனி ஈரம் விலகிவிடும். மழை பிடித்தால் யூதர் வாழ்ந்த நினைவுகளைக் காக்கும் 'பைத் தாகிரா' இருக்கிறது, உள்ளேயே பழைய தொழுகைக்கூடமும் உண்டு. இன்ஹேலரைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம்.

முற்றத்துமழை

திரும்பி வந்து எழுதுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

தரைத்தளத்தை ரத்து செய்துவிட்டுக் கடற்கரைச் சாலையில் லிஃப்ட் உள்ள இடம் எடுத்தோம். மின் ஹீட்டர் இருந்தது, இரவில் ஒரு மணி நேரம் போட்டு நிறுத்தினாலே போதுமானதாக இருந்தது. நான்கு நாளில் ஒரு நாள் மழை, காற்று ஒரு மாலை மட்டும். வீசிங் ஒரு முறை லேசாக வந்தது, அதுவும் துறைமுகத்தில் மீன் சுடும் புகைக்குப் பக்கத்தில் நின்றபோது. இதை யாரும் சொல்லவில்லை, நான் சேர்த்துவிடுகிறேன்: மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களை அந்த வரிசைக்குக் கூட்டிப் போகாதீர்கள், நீலப் படகுகளைத் தள்ளி நின்றே பார்க்கலாம்.

ஸ்கலா கோட்டை மேல் பழைய பீரங்கிகளுக்குப் பக்கத்தில் அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். புதுச்சேரியில் அலை இப்படிச் சத்தம் போடாது என்றார். பிஸ்ஸாரா மூன்று காலையும் சாப்பிட்டார், சீரகம் மட்டும் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார்.