டிசம்பர் மாதத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? (ஊழியம், பள்ளிக்கூடம், குடும்பம்)

என் கணவர் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சேகரத்தில் (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த திருச்சபைப் பகுதி) குருவானவர். நான் அரசு உதவி பெறும் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். மூத்த மகள் இந்த வருடம் பிளஸ் டூ. "எல்லாத்தையும் எப்படிம்மா பார்க்கிறீங்க?" என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தில் யாராவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

வருடம் முழுக்கக் கஷ்டம் என்று சொல்ல மாட்டேன். நெருக்கடி டிசம்பரிலும் ஏப்ரலிலும்தான். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும், வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போகும் கேரல் பவனியும் ஒன்றாக வரும். ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாம். பல வருடம் ஈஸ்டருக்கு முந்தைய பரிசுத்த வாரமும் அதை ஒட்டியே வந்துவிடும். அது முடிந்த கையோடு விடுமுறை வேதாகமப் பள்ளி. சேகரம் என்றால் ஒரு கோயில் மட்டும் இல்லை, சுற்றியுள்ள கிராமச் சபைகளுக்கும் ஐயாதான் போக வேண்டும். கேரல் நாட்களில் நாங்கள் குடியிருக்கும் குருமனைக்கு யார் எப்போது வருவார்கள் என்று தெரியாது. சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் விடைத்தாள் கட்டு, மறுபக்கம் பாடகர் குழுவுக்கான காப்பி டம்ளர்கள்.

போன டிசம்பரில் எங்கள் சபைப் பாட்டி ஒருவர் அந்த மேசையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு நேரே அடுப்படிக்கு வந்தார். "நீங்க பேப்பரத் திருத்துங்கம்மா. காப்பிய நாங்க போட்டுக்கிடுதோம். அதுக்குள்ள என் பேரன் பேப்பரும் கெடக்குல்லா?" என்றார். கேரல் முடியும்வரை அடுப்படி அவர்கள் பொறுப்பில்தான் இருந்தது. எனக்கு ஊழியம் என்றால் என்னவென்று அவர் காட்டிக்கொடுத்தார்.

நேரத்தைச் சரியாகப் பிரித்தால் போதும் என்று பலரும் எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. பாரம் குறையாது, யாராவது வந்து தோள் கொடுத்தால்தான் உண்டு. மிஷனரி கால்டுவெல் ஐயர் 1841-ல் திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடிக்கு வந்ததையும் 1880-ல் ஆலயம் பிரதிஷ்டையானதையும் நம் பிரசங்கங்களில் பெருமையாகச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். அவர் மனைவி எலைசா அம்மையார் அதே ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து, தன் பிள்ளைகளையும் வளர்த்தார். அதையும் அதே குரலில் சொன்னால் என்ன?

எங்கள் வீட்டு ஏற்பாடு இது: திங்கட்கிழமை என் கணவருக்கு ஓய்வு. அன்றைக்குச் சமையல் அவருடையது. சாயங்காலம் மகளோடு உட்கார்ந்து இயற்பியல் கேள்வி கேட்பார். மரண வீடு, ஆஸ்பத்திரி என்றால் உடனே கிளம்பிவிடுவார். புது வீட்டை ஜெபித்துத் திறக்கும் வீட்டுப் பிரதிஷ்டை என்றால் செவ்வாய்க்கிழமை வைத்துக்கொள்ளலாமே என்று சொல்லிவிடுகிறோம். சிலருக்கு வருத்தம்தான். இருக்கட்டும், மகளுக்கு இந்த வருடம் திரும்பி வராது.

நாசரேத் பக்கத்துத் தமிழாசிரியர்:
அக்கா, எங்கள் தாத்தா ஒரே ஊரில் வாத்தியாரும், சபையை நடத்தும் உபதேசியாரும். வார நாட்களில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை அதே கூரையின் கீழ் ஆராதனை. சாயங்கால ஜெபத்துக்கு மணி அடிப்பதும் அவரேதான். அன்று ஸ்பெஷல் கிளாஸ் இல்லை, எமிஸ் என்ற ஆன்லைன் பள்ளித் தகவல் பதிவும் இல்லை. ஆனால் எனக்கு இரண்டு வேலையும் மோதுவதாகத் தோன்றவில்லை. என் வகுப்பில் ஒரு பையன் வாயே திறக்க மாட்டான். ஓய்வுநாள் பள்ளி நாடகத்தில் அவனுக்கு மேய்ப்பன் வேஷம் கொடுத்தோம், இரண்டே வரி வசனம். சால்வை நுனியைக் கசக்கிக்கொண்டே முழுசாகச் சொல்லி முடித்தான். ஜனவரியில் வகுப்பில் செய்யுள் வாசிக்க யார் வருகிறீர்கள் என்றேன், கை தூக்கினான். அவனை இரண்டு இடத்திலும் பார்ப்பதால்தான் எனக்கு அது தெரிந்தது. வீட்டைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. நான் ஞாயிறு முழுக்கக் கோயிலில் இருக்க முடிவது என் மனைவியால்தான்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு ஆசிரியை:
எங்கள் சபையில் லெந்து நாட்களின் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) வீட்டுக் கூட்டங்களுக்குப் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் உள்ள வீடுகளைக் கேட்பதில்லை. ஏழு மணிக்குத் தொடங்கி எட்டுக்கு முடித்துவிடுகிறார்கள், சிற்றுண்டியும் கிடையாது. கமிட்டியில் பேசி இதை முடிவு செய்யவைத்தது ஆசிரியைகளாகிய நாங்கள்தான். உங்கள் சேகரத்திலும் கேட்டுப் பாருங்கள் அக்கா.